களனிக் கரையில் நான் சாமியாரான கதை

என் காலில் விழுந்து கும்பிட்டவர்கள் முப்பது நாற்பது பேராவது இருப்பார்கள். எல்லாரும் ஒரே நாளில், ஒரு முற்பகலுக்குள் விழுந்து எழுந்தவர்கள். அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அந்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. என் கல்யாணத்தில்கூட நான்தான் இடுப்பு ஒடிய எல்லார் காலிலும் விழுந்தேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அப்போது எனக்கு ஏழு வயது. உலக யுத்தம் முடிந்தும் அரிசிக்கு ரேஷன் முடியாமல் இருந்த காலம்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தால் ஐந்து நிமிஷம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கொழும்புக்குப் போகும் தோணிகளில் வெங்காயமும் மிளகாய் வற்றலும் கருப்பட்டியும் ஏறுவதை வெயிலில் நின்று பார்த்து அனுப்புவார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் ஏழு வயதுவரை கடலில் காலை நனைத்தவள் இல்லை. அம்மா விடமாட்டாள். கிணற்றடிக்குக்கூடத் தனியாகப் போகக் கூடாது. எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஐந்து வயதில் ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றோடு போய்விட்டான். நான் அப்போது அம்மா வயிற்றில். ஆடிப் பெருக்குக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்த அம்மா, அவனைக் கையில் பிடித்துக்கொண்டு படித்துறையில் நின்றிருக்கிறாள். பூவைத் தண்ணீரில் விட்டு, ஆற்றைக் கும்பிட இரண்டு கையையும் எடுத்தாளாம். கும்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளையைக் காணோம்.

அதற்குப் பிறகு அம்மா எந்தச் சாமியையும் இரண்டு கையால் கும்பிட்டதில்லை. ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்திருக்கும். மற்றக் கையை நெற்றிக்கு நேரே உயர்த்திப் பாதிக் கும்பிடு போடுவாள். பார்ப்பதற்குப் போலீஸ் அதிகாரிக்கு சலாம் வைப்பதுபோல இருக்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதையே பார்த்ததால், பெண்கள் கும்பிடும் முறையே அதுதான் என்று நினைத்துவிட்டேன். பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் அப்படிக் கும்பிட்டு, டீச்சரிடம் அடி வாங்கிக் கட்டிக்கொண்டேன். காரணத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் ஆற்றோடு போய்விட்டான் என்றால் எங்கேயோ ஊருக்குப் போயிருக்கிறான், வருவான் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

ஆறு வயதில் எனக்கு விஷக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் கண் திறக்கவில்லை என்பார்கள். அப்போதுதான் அம்மா கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்தால் அங்கே கூட்டிவந்து மொட்டை போடுவது, அங்கே உடுத்தும் காவித் துணியை ஊர் திரும்பும்வரை மாற்றுவதில்லை. திருச்செந்தூர் முருகன் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது கடல் தாண்டிப் போய் நேர வேண்டுமா என்று அப்பா கேட்டிருக்கிறார். அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது.

"பக்கத்துல இருக்கவருக்குத்தான் எல்லாரும் நேந்துக்கிடுதாவ. அவருக்கு ஏது நேரம்?"

இதில் இன்னொரு காரணமும் உண்டு. அம்மாவின் தம்பி, என் மாமா, கொழும்பில் புறக்கோட்டைச் சந்தைப் பக்கம் கடை வைத்திருந்தார். யுத்தத்தால் ஐந்தாறு வருஷமாக அக்காவும் தம்பியும் முகம் பார்க்கவில்லை. முருகனைச் சாக்கிட்டுத் தம்பியைப் பார்க்கலாம், தம்பியைச் சாக்கிட்டு முருகனைப் பார்க்கலாம். அப்பா தலையை ஆட்டினார். அவருக்குத் தெரிந்த பேச்சில் பெரும்பகுதி அதுதான்.

எங்கள் பக்கத்துச் சரக்கெல்லாம் தோணியில் போகும், மனுஷர்கள் ரயிலில் போவார்கள். நாங்களும் இரண்டு இடத்தில் வண்டி மாறி தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போய்ச் சேர்ந்தோம். கப்பலில் நான் பார்த்தது அம்மாவின் சேலைத் தலைப்பை மட்டும்தான். கடலை நான் பார்த்தால் கடல் என்னைப் பார்த்துவிடும் என்று பயந்தவள்போல என் முகத்தை மூடி மடியில் போட்டுக்கொண்டாள். வழிப்பயணத்தில் நகை ஆகாது என்று கம்மலும் கொலுசும் ஊரிலேயே தங்கிவிட்டன. காது தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு வேப்ப ஈர்க்கை ஒடித்துச் செருகியிருந்தாள்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளித்தே ஆக வேண்டும். அம்மா தன் முந்தியை என் இடுப்பில் இறுக்கிக் கட்டி, முழங்கால் தண்ணீரில் உட்காரவைத்து, செம்பால் மொண்டு ஊற்றினாள். பிறகு மொட்டை. பிறகு காவித் துணி. பாவாடை சட்டைக்கு மேலாக அதைக் கட்டினால் நேர்ச்சை பலிக்காது என்று யாரோ சொன்னார்கள் போலிருக்கிறது. வெறும் காவித் துணியையே வலது கக்கத்துக்குக் கீழே விட்டு இடது தோளில் கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள். மாமா வீட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, அதற்குள்ளிருந்து ஏதோ ஒரு பையன் என்னை முறைத்தான்.

கதிர்காமத்திலிருந்து கொழும்புக்குத் திரும்பி, ஊருக்குப் புறப்பட இரண்டு நாள் இருந்தது. களனி ஆற்றங்கரையில் பழங்காலத்துப் புத்த விகாரை ஒன்று இருக்கிறது, போய் வருவோம் என்றார் மாமா. புத்தர் கோயிலில் நமக்கு என்ன சோலி என்றாள் அம்மா. ஆறு என்ற சொல்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது மாமாவுக்குத் தெரியும். அவர் வியாபாரி. சரக்கை வேறு பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"அங்கன விபீஷணரு சந்நிதி இருக்குக்கா. ராமருக்கு ஒத்தாச பண்ணுனவரு. இவ்வளவு தூரம் வந்துட்டு எட்டிப் பாக்காமப் போனா ராமரு என்ன நெனப்பாரு?"

ராமர் ஏதாவது நினைத்துவிடுவார் என்றால் அம்மா தாங்கமாட்டாள். ஒத்துக்கொண்டாள். ஆனால் மாமா அடுத்துச் சொன்னதில் வீடு இரண்டாயிற்று. மறுநாள் பௌர்ணமி. அன்று விகாரைக்கு எல்லாரும் வெள்ளை உடுத்தித்தான் வருவார்களாம், அதுதான் அங்கே மரியாதையாம்.

"எங்க வீட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் எதுக்குலே வெள்ள கட்டணும்?"

அப்பா குத்துக்கல்லாகவே உட்கார்ந்திருந்தார். ஊர் வழக்கத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடு என்று மாமாவும், தாலி கட்டின கழுத்தோடு வெள்ளைச் சேலையா என்று அம்மாவும் இழுபறி செய்து, கடைசியில் மாமா தன் பெட்டியிலிருந்து ஒரு சந்தன நிறச் சேலையை எடுத்துக் கொடுத்தார். ஊருக்குக் கொடுத்தனுப்ப வாங்கி வைத்திருந்ததாம். அது வெள்ளையும் இல்லை, வெள்ளை இல்லை என்று சொல்லவும் முடியாது. இரண்டு தரப்புக்கும் திருப்தி. அன்று எங்களை ஆட்டிவைத்தது அந்தச் சமரசம்தான். அம்மா வழக்கம்போலத் தன் அரக்குச் சேலையைக் கட்டியிருந்தால் நான் இப்போது சொல்வதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

காலையில் பஸ்ஸில் போய் இறங்கினோம். ஆறு அகலமாக, கலங்கலாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னை ஆற்றுக்கு எதிர்ப்பக்கமாக மாற்றிப் பிடித்துக்கொண்டாள். மேட்டுக்கு ஏறினால், வானத்தை முட்டிக்கொண்டு ஒரு வெள்ளைத் தூபி. எங்கள் ஊர் உப்பளத்தில் குவித்துவைத்த உப்புப் போலவே இருந்தது. அம்மாவுக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது. மழைக்கு முந்தி இவ்வளவுக்கும் ஓலை போட்டு மூடணுமே என்றாள். அரச மரத்தைக் கண்டதும் முகம் மலர்ந்து மூன்று சுற்றுச் சுற்றினாள். உள்ளே படுத்த கோலத்தில் இருந்த பெரிய புத்தரை, நம்ம பெருமாள் மாதிரியே படுத்திருக்காரு என்று சொந்தம் கொண்டாடி, ஒற்றைக் கையால் கும்பிட்டாள். ஓலைப் பெட்டியில் கொண்டுவந்த தேங்காயை உடைக்க இடம் இல்லாததும், யாரும் திருநீறு தராததும்தான் அவளுக்குக் குறை. கும்பிட்டு வந்தவளுக்கு ஒரு சிட்டிகைகூடக் கிடையாதா என்று முணுமுணுத்தாள்.

விபீஷணர் சந்நிதி சின்னது. கூட்டமோ பெரியது. எங்கே பார்த்தாலும் வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி. ஊதுபத்திப் புகை கண்ணைக் கரித்தது. அம்மா வழக்கம்போல ஒரு கையை உயர்த்தியபோது மாமா பின்னாலிருந்து மெல்லச் சொன்னார்.

"புள்ள பொழச்சு எழுந்து மொட்டையும் போட்டாச்சு. இன்னைக்காவது ரெண்டு கையெடுத்துக் கும்பிடுக்கா."

அம்மா என்னைக் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள் என்றுதான் ஞாபகம். பிறகு தன் முந்தியை என் கைக்குள் திணித்தாள்.

"ஏளா, இதக் கெட்டியாப் பிடிச்சுக்க. விட்டுராத."

நான் விடவில்லை. இதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். புகையில் ஒரு தும்மல் வந்தது, தும்முகிற நேரம் மட்டும் விட்டு உடனே பிடித்துக்கொண்டேன். விட்டதும் நிஜம், பிடித்ததும் நிஜம். பிடித்தது வேறு சேலை.

அந்தச் சேலை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். வாசல் தாண்டி, படி இறங்கி, வெயிலுக்கு வந்த பிறகுதான் அம்மாவுக்கு இவ்வளவு பெரிய முதுகு கிடையாதே என்று நினைத்தேன். அந்த முதுகும் திரும்பியது. அப்பாவைவிடக் கொஞ்சம் மூத்த வயதில், தாட்டியான ஒரு சிங்கள அம்மாள். தன் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று பார்த்தவள் திடுக்கிட்டாள். மொட்டைத் தலை, தோளில் முடிந்த காவி. கை என்மேல் பட்டுவிடாதபடி சேலையை மெதுவாக உருவிக்கொண்டாள். இரண்டு அடி பின்வாங்கினாள். பிறகு அந்த உடம்போடு, தரையில் மண்டியிட்டு என்னைக் கும்பிட்டாள்.

எனக்குப் பின்னால் ஏதாவது சாமி இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு காக்காய்தான் இருந்தது. அதற்குள் அவளோடு வந்த பெண்கள் நாலைந்து பேரும் வரிசையாக மண்டியிட்டுவிட்டார்கள். நான் அழுவதற்கு வாயைக் கோணி வைத்திருந்தேன். ஆனால் நம் காலடியில் ஒருத்தர் குனிந்து கிடக்கும்போது அழுவது அத்தனை சுலபம் இல்லை. விழுந்து கும்பிடுகிறவர்களுக்குப் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். வலது கையைத் தூக்கி, "நல்லாயிரு" என்றேன். அவர்கள் "சாது, சாது" என்றார்கள். வீட்டில் என்னைச் சாதுவான பிள்ளை என்று யாரும் சொன்னதில்லை.

பிறகு என் பாடு ராஜபோகம்தான். அந்த அம்மாள் முன்னால் நடந்து வழி விலக்கினாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து எனக்கு இடம் விட்டது. போகிற வழியில் குனிகிறவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டே போனேன். ஒரு நீளமான கூடத்தில், வெள்ளைத் துணி விரித்த பாயில், என்னைப்போலவே மொட்டையும் காவியுமாகப் பத்துப் பதினைந்து பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். பௌர்ணமிக்குப் பல ஊர் மடங்களிலிருந்தும் வந்த குட்டிச் சாமியார்கள். எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. நான் வேறு மடத்துப் பிள்ளை என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். நானோ, இங்கே எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது என்று பரிதாபப்பட்டேன்.

கடைசியில் இருந்த ஒன்பது பத்து வயதுப் பையன் நகர்ந்து இடம் விட்டான். எனக்கு எதிரே ஒரு தட்டு வந்தது. பாற்சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, கருப்பட்டி மணக்கும் எண்ணெய்ப் பணியாரம். சாமி கும்பிடும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்று அம்மா காலையிலிருந்து பட்டினி போட்டிருந்தாள். நான் பணியாரத்தை எடுத்து வாயருகே கொண்டுபோனதும், பக்கத்துப் பையன் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினான். முதலில் மந்திரம் ஓத வேண்டுமாம். எல்லாரும் கண்ணை மூடி ராகமாக ஓதினார்கள். சும்மா இருந்தால் தட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று நானும் கண்ணை மூடி, எனக்குத் தெரிந்த ஒன்பதாம் வாய்ப்பாட்டை அதே ராகத்தில் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்த வயதான பிக்கு ஒருவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து, என் முன்னால் நின்று, தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒன்பதாம் வாய்ப்பாடு தப்பில்லாமல் வந்தது எனக்கே பெருமையாக இருந்தது.

சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மாவின் ஞாபகம் எனக்கு வரவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்தது என்பது பின்னால் மாமா சொல்லித் தெரிந்தது. கும்பிட்டு முடித்த அம்மா, கண்ணைத் திறக்காமலே கையைக் கீழே இறக்கித் துழாவினாளாம். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் கத்தவில்லை, அதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்பார் மாமா. கோயிலுக்குள் எங்கேயும் தேடவில்லை. நேரே படி இறங்கி ஆற்றுக்கு நடந்தாள். அப்பா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் குதித்தார். கரையில் கிடந்த படகுக்காரர்களும் துடுப்பும் கழியுமாக இறங்கினார்கள். மாமா இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் படகுகள் இரண்டு மூன்று கூடும்.

மாமா கூட்டத்துக்குள் ஓடினார். அவருக்குத் தெரிந்த சிங்களம் வெங்காயம் விற்கிற சிங்களம். அதை வைத்துக்கொண்டு பிள்ளையைத் தேட முடியாது என்பதால் அபிநயத்தில் இறங்கினார். தலையைத் தடவி மொட்டை என்று காட்டினார். தோளைத் தொட்டுக் காவி என்று காட்டினார். இடுப்பளவில் கையை வைத்து உயரம் காட்டினார். கேட்டவர்கள் எல்லாரும் புரிந்துகொண்டு, மலர்ந்த முகத்தோடு, கூடத்தின் பக்கம் கையைக் காட்டினார்கள். சாமியார்களைப் போய்ப் பார் என்கிறார்கள் என்று மாமா பல்லைக் கடித்தார். ஆபத்து நேரத்தில் ஆசீர்வாதம் வாங்கவா சொல்கிறார்கள் என்று ஆத்திரம். ஏழெட்டுப் பேரிடம் கேட்டார். ஏழெட்டுப் பேரும் ஒரே திசையைக் காட்டினார்கள். ஏழெட்டுப் பேரையும் மனசுக்குள் திட்டிவிட்டு ஆற்றங்கரைக்கே திரும்பி ஓடினார்.

அம்மா கடைசிப் படியில் நின்றிருந்தாள், தண்ணீர் முழங்காலைத் தொட. அவள் ஆற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "ஒண்ண எடுத்துக்கிட்ட. பத்தாதா? பத்தாதா ஒனக்கு?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாளாம். அது வேறு ஆறு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாமா இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் எதையும் கூட்டிச் சொல்லமாட்டார்.

அப்போதுதான் அந்தத் தாட்டியான அம்மாள் பாத்திரங்களைக் கழுவுவதற்கு ஆற்றுக்கு வந்திருக்கிறாள். என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. யாரோ ஒரு தமிழ்ப் பெண், தலை அவிழ்ந்து, தண்ணீரில் நின்று அழுகிறாள், அவ்வளவுதான் தெரிந்தது. பாத்திரங்களை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். துக்கப்பட்டவளை எங்கே கூட்டிப் போக வேண்டும் என்று அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. அம்மாவுக்கு மறுக்கவும் தெம்பில்லை. இழுத்த இழுப்புக்குப் படி ஏறினாள். அக்காவுக்கு எங்கேயோ ஒரு வாய் தண்ணீர் கொடுக்கத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று மாமா பின்னாலேயே வந்தார்.

கூடத்தில் நாங்கள் கை கழுவி வரிசையாக உட்கார்ந்திருந்தோம். சனங்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பையன் என் காதைக் காட்டி ஏதோ கேட்டான். வேப்ப ஈர்க்கு என்று சொன்னேன். அவன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, அடுத்தவன் காதில் எதையோ ஓதினான். சிரிப்பு வரிசையின் அந்தக் கோடிவரைக்கும் போயிற்று. சரியாக அந்த நேரத்தில் அந்த அம்மாள் உள்ளே வந்தாள். அத்தனை சாமியார்களையும் தாண்டி நேரே என் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய சேலையைத் தானாக வந்து பிடித்த சாமியார் நான் ஒருவன்தானே. துக்கத்துக்கு மருந்து இங்கேதான் என்பதுபோல, கையில் பிடித்துவந்தவளை என் எதிரே நிறுத்தினாள்.

சந்தன நிறச் சேலை, முழங்கால்வரை ஈரம். அம்மா.

நான் கத்திக்கொண்டு எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் நாற்பது பேர் கும்பிட்டுவிட்டுப் போன தலைக்கனம் என்னை விடவில்லை. என் பெருமையை அம்மா ஒழுங்காகப் பார்க்கட்டும் என்று முதுகை நிமிர்த்தி, சப்பணத்தைச் சரிசெய்து உட்கார்ந்தேன். அம்மா குனிந்த தலையோடு நின்றாள். பக்கத்திலிருந்தவள் ஏதோ சொல்லித் தோளைத் தொட்டதும் மெல்ல முகத்தைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். பிறகு அப்படியே விழுந்தாள். முழங்கால் இரண்டும் தரையில் மோதின, கை இரண்டும் முன்னால் விழுந்தன, நெற்றி என் காலுக்குப் பக்கத்தில் பாயில் பட்டது.

அந்த அம்மாள் திருப்தியோடு தலையை அசைத்தாள். நான் வலது கையைத் தூக்கினேன்.

"நல்லாயிரு."

அம்மாவின் கை ஊர்ந்து வந்து என் கணுக்காலைப் பிடித்தது. பிடித்த பிடியில் "ஏளா..." என்று ஒரு சத்தம் வந்தது. அது அவள் குரல் மாதிரியே இல்லை. அதற்கு மேல் என்னால் சாமியாராக இருக்க முடியவில்லை. பணியாரம் தொண்டைக்கு ஏற, ஓவென்று அழுதேன்.

மாமா வாசலில் நின்று சிரித்தார், அழுதார், பிறகு திடீரென்று நினைவு வந்து ஆற்றுக்கு ஓடினார். அப்பா இன்னும் முங்கிக்கொண்டே இருந்தார். சொட்டச் சொட்ட வந்து நின்ற அப்பா, என்னைப் பார்த்தார், சாமியார் வரிசையைப் பார்த்தார், காலியான தட்டைப் பார்த்தார். அன்று முழுவதும் அவர் பேசிய ஒரே பேச்சு, "புள்ள சாப்பிட்டாளா?" என்பதுதான்.

மூக்குக் கண்ணாடி பிக்கு விசாரிக்க வந்தார். மாமா தன் வெங்காயச் சிங்களத்தைத் திரட்டி விஷயத்தைச் சொன்னார். சாமியார் இல்லை, பையன்கூட இல்லை, பெண்பிள்ளை என்று தெரிந்ததும் எனக்கு இடம் விட்ட பையன் ஒரே தாவலில் பாயின் மறுகோடிக்குப் போய்விட்டான். கோபிப்பார்களோ என்று மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிக்கு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த விசிறி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வாயில் கையை வைத்துக்கொண்டு நின்ற தாட்டியான அம்மாள் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். ஓதிக் கட்டும் வெள்ளை நூல் ஒன்றைப் பிக்கு எடுத்தார். பெண்பிள்ளையைத் தொடக் கூடாது என்பதால் அதை அப்பாவின் ஈரக் கையில் கொடுத்து, என் மணிக்கட்டில் கட்டச் சொன்னார்.

அவர்கள் எங்களைப் பட்டினியாக அனுப்பவில்லை. அப்பாவுக்கு எங்கிருந்தோ ஒரு காய்ந்த வேட்டி வந்தது. அம்மா பாற்சோறு சாப்பிட்டாள். வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் என் கணுக்காலைப் பிடித்திருந்தாள். திருநீறு தராத கோயில் என்று அதற்குப் பிறகு அவள் குறை சொல்லி நான் கேட்டதில்லை. புறப்படும்போது, உடைக்காமல் கிடந்த தேங்காயை ஓலைப் பெட்டியோடு அந்த அம்மாளிடம் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் பஸ் வரும்வரை பேசிக்கொண்டே நின்றார்கள்.

பஸ்ஸில் எனக்கு அடி நிச்சயம் என்று எண்ணியிருந்தேன். அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு, மொட்டைத் தலையை ஓயாமல் தடவிக்கொண்டு வந்தாள். அடி இல்லை என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"எல்லாரும் என்னயக் கும்பிட்டாவ. நீயுந்தான் விழுந்து கும்பிட்ட."

"ஆமா," என்றாள் அம்மா. "கும்பிட்டேன்."

ஊருக்கு வந்து இதைத் தெருவெல்லாம் சொன்னேன். அம்மாவே என் காலில் விழுந்தாள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, பொய் சொன்னதற்காக டீச்சர் என்னைப் பெஞ்சுமேல் நிற்கவைத்தார். மறுநாள் அம்மா வந்து, அவ சொல்லுதது நெசந்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள் மாமா, அன்றைக்கு உன் அம்மா கும்பிடவெல்லாம் இல்லை, பின்னாலிருந்து நான் பார்த்தேன், முழங்கால் விட்டுப்போய் விழுந்தாள் என்றார். பிள்ளையை வைத்திருப்பவளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அம்மா பொய் சொல்கிறவள் இல்லை. கும்பிட்டேன் என்றால் கும்பிட்டிருப்பாள். விகாரையில் இருந்தவரையா, கதிர்காமத்தில் இருப்பவரையா, விபீஷணரையா, கையைப் பிடித்துக் கூட்டிவந்த அந்த அம்மாளையா, திருப்பிக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்த ஆற்றையா? பஸ்ஸில் அவள் மடியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. என்னைத்தான் கும்பிட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.